இல்லாத நாளில் ஒரு குரல்

அன்றைக்குக் காலையில் எனக்கு மூன்று குறை. ரொட்டிக்காரர் வரவில்லை. காலண்டர் தாள் ஒழுங்காகக் கிழியவில்லை. என் சைக்கிளை எடுக்க முடியாதபடி வாசலை மறித்துக்கொண்டு ஒரு கார் நின்றது. இதையெல்லாம் போய் ஒரு துப்பறியும் கதையில் எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். சாயங்காலம்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரொட்டிக்காரர். தினமும் விடிந்ததும் மணியடித்துக்கொண்டு சைக்கிளில் வருவார். வீட்டுக்கு ஒரு ரொட்டி, எனக்கென்று தனியாக ஒரு பன், கூடவே 'சார் இன்னைக்கு எந்திரிச்சிட்டீங்களா' என்று ஒரு குத்தல். அன்றைக்கு ஆளையே காணோம். காலி வயிற்றோடு அவரைச் சோம்பேறி, பொறுப்பில்லாத மனுஷன் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அடுத்தது காலண்டர். அண்ணி வருவதற்குள் ஆபீஸைச் சுத்தம் செய்து, காலண்டரில் தாள் கிழித்து வைக்க வேண்டும் என்பது எனக்கு நிரந்தர உத்தரவு. அண்ணி என்றால் என் சொந்த அண்ணன் மனைவி. அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறார், அண்ணி மாடியில் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறார். இன்ஸ்பெக்டர் உட்பட ஊரே அவரை அண்ணி என்றுதான் கூப்பிடும். முறையோடு கூப்பிடுகிறவன் நான் ஒருத்தன்தான், முறையாகத் திட்டு வாங்குகிறவனும் நான்தான்.

வெளியூர்க் கேஸ் ஒன்றை முடித்துவிட்டு அன்றைக்குக் காலை ரயிலில்தான் அண்ணி வந்து இறங்கினார். தூக்கமில்லாத கண்களோடு சுவரைப் பார்த்து, "அதுக்குள்ள எட்டாம் தேதியா? ரயில்ல நாள் போனதே தெரியலை" என்றார். சொல்லாமலே தாள் கிழித்து வைத்திருக்கிறேனே, ஒரு பாராட்டு வரும் என்று நின்றேன். வரவில்லை. கிழித்த தாள் அட்டை மாதிரித் தடிமனாகக் கையோடு வந்ததையும், காலண்டர் கம்பெனிக்காரன் பசையைக் கொட்டித் தொலைத்திருப்பதையும் சொல்லிப் பார்த்தேன். அதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாவது, கார். அதன் முன்விளக்குகளில் ஒன்று நொறுங்கிப்போயிருந்தது. கார்க்காரர் மாடி ஏறி வந்தபோது, "சார், உங்க கார் எங்க அண்ணியைப் பார்த்துக் கண்ணடிக்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாய் குறுக்கே வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, கட்டட கான்ட்ராக்ட் தொழில். வந்தவர் காற்றாடிக்குக் கீழே இருந்த நாற்காலியை விட்டுவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டியிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எங்கள் ஜன்னலைத் திறந்தால் ஆற்றுப் பக்கம் ஒரு கரிந்த புகைபோக்கி தெரியும். எப்போதோ எரிந்துபோன மாவு மில். ஏழு பெண்கள் செத்தார்கள் என்பார்கள். நாங்கள் இந்த ஊருக்கு வந்தது அதற்கப்புறம்தான், அதனால் எங்களுக்கு அதற்கு மேல் தெரியாது. ஊர்க்காரர்கள் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

"எங்க அண்ணனைக் காணோம்மா" என்று ஆரம்பித்தார் கான்ட்ராக்டர்.

அண்ணன் யாரென்று சொன்னதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரேடியோவில் தினமும் காலையில் 'இதே நாளில்' என்று ஒரு நிகழ்ச்சி வரும். அந்தத் தேதியில் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று ஒருவர் சொல்வார். எந்தப் போர், எந்த ராஜா, எந்தக் கண்டுபிடிப்பு, எல்லாம் அவருக்கு விரல் நுனியில். ஊர் அவருக்கு வைத்த பெயர் தேதிக்காரர். உலகத்தில் ஆரம்பித்து நம்ம ஊரில் முடிப்பார், அதுதான் அவர் பாணி. கடைசி விஷயம் எப்போதும் நம்ம ஊர் விஷயமாக இருக்கும். பாலம் திறந்தது, நூலகம் கட்டியது, வெள்ளம் வந்தது. சொல்லிவிட்டு, 'நாள் நல்லா இருக்கட்டும்' என்று முடிப்பார். ஒரு தேதி தப்பாகச் சொன்னார் என்று இதுவரை ஒருத்தரும் அவர் மேல் குற்றம் சொன்னதில்லை.

அவர் வீட்டை விட்டுப் போய்ச் சில வாரம் ஆகிறதாம். ஆனால் நிகழ்ச்சி மட்டும் நிற்கவில்லை. ரேடியோ நிலையத்துக்கு யாரோ தினமும் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறார்களாம். யாரோ அண்ணனை அடைத்துவைத்துப் பேசவைக்கிறார்கள் என்றார் கான்ட்ராக்டர். குரல் தழுதழுத்தது. போலீஸுக்குப் போனால் அண்ணன் உயிருக்கு ஆபத்து என்று பயப்படுவதாகவும் சொன்னார்.

பிறகு கையோடு கொண்டுவந்த டேப் ரெக்கார்டரை மேஜை மேல் வைத்தார். ஆறாம் தேதி, ஏழாம் தேதி நிகழ்ச்சிகளை ரேடியோவிலிருந்து அவரே பதிவு செய்திருந்தார். ஓடவிட்டார்.

முதலாவது ஆறாம் தேதி. வழக்கமான முன்னிசை, பிறகு அந்தக் கனமான குரல். "1927. இதே நாளில் முதல் முழுநீளப் பேசும்படம் நியூயார்க்கில் திரையிடப்பட்டது" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனது. "1582. இதே நாளில் ரோம் நகரில் ஓர் ஆசிரியர் காலி வகுப்பறையில் வருகைப் பதிவு எடுத்தார். எந்தப் பெயருக்கும் பதில் வரவில்லை." கடைசியில் நம்ம ஊர் பாலம்.

அடுத்தது ஏழாம் தேதி. நிலவின் மறுபக்கத்தை முதன்முதலாக ஒரு விண்கலம் படமெடுத்த கதை. பிறகு, "1582. இதே நாளில் மாட்ரிட் நகரில் ஒரு பெரிய மணியின் நாக்கைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த மணி ஒலிக்கவேயில்லை." கடைசியில் நம்ம ஊர் வெள்ளம்.

"ரெண்டு நாளும் அதே 1582" என்றார் கான்ட்ராக்டர். "அண்ணன் ஏதோ சொல்ல வர்றார். எனக்குப் புரியலை."

அவ்வளவுதான் என்பதுபோல ரெக்கார்டரை மூடப் போனவர், நிமிர்ந்து சுவர்க் காலண்டரைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு சட்டையின் உள்பையிலிருந்து மூன்றாவதாக ஒரு கேசட்டை எடுத்து, அது அன்று காலையில் வந்தது என்று சொல்லிப் போட்டார்.

இதில் முன்னிசை இல்லை. எடுத்த எடுப்பில் குரல். "இன்று அக்டோபர் எட்டு. 1871. இதே நாளில் சிகாகோ நகரம் தீப்பிடித்து எரிந்தது. அதே நாளில், அதே நேரத்தில், பெஷ்டிகோ என்ற சின்ன ஊரும் எரிந்தது. சிகாகோவில் செத்தவர்களைவிட அங்கே செத்தவர்கள் பல மடங்கு. ஆனால் உலகம் நினைவு வைத்திருப்பது பெரிய ஊரைத்தான். 1582. இதே நாளில் லிஸ்பன் நகரில் கண் தெரியாத ஒருவர் ஆற்றின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து பத்திரமாகத் தங்குமிடம் சேர்ந்தார். கடைசியாக, நம்ம ஊரில்..."

டக்கென்று நின்றது. டேப் சிக்கிக்கொண்டது, வெட்டி ஒட்ட வேண்டியதாகிவிட்டது என்றார் கான்ட்ராக்டர்.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். அவர் அப்படி உட்கார்ந்தால் ஒன்று தூக்கம், இல்லையென்றால் கேஸ் பாதி முடிந்தது. அன்றைக்கு இரண்டாவது.

"இந்த மூணு சம்பவமும் பொய்" என்றார். "நடந்திருக்கவே முடியாது. 1582ல அக்டோபர் நாலுக்கு மறுநாள் பதினஞ்சு. காலண்டரைத் திருத்துறதுக்காகப் போப்பாண்டவர் நடுவுல பத்து நாளை எடுத்துட்டார். ரோம், மாட்ரிட், லிஸ்பன், மூணு ஊர்லயும் ஜனங்க நாலாந்தேதி ராத்திரி படுத்து, பதினஞ்சாம் தேதி காலையில எந்திரிச்சாங்க. ஆறு, ஏழு, எட்டெல்லாம் அந்த வருஷத்துல கிடையாது."

பத்து நாள் லீவு போட்டுத் தூங்கியிருக்கிறார்கள், கொடுத்துவைத்தவர்கள் என்றேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

தேதியையே தொழிலாகக் கொண்டவருக்கு இது தெரியாமல் இருக்காது, தெரிந்தேதான் இல்லாத நாளில் பொய்யைப் போட்டிருக்கிறார் என்றார் அண்ணி. மூன்று பொய்யும் சேர்ந்தால் ஒரு விலாசம். மத்தியானம்வரை டைம் கொடுங்கள், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கான்ட்ராக்டரைக் கீழே காரில் காத்திருக்கச் சொன்னார். அவர் இறங்கிப் போனதும் நான் டீ போட்டேன். டம்ளரை வாங்கிக்கொண்டே அண்ணி மெதுவாகச் சொன்னார்.

"பேர் கூப்பிட்டா பதில் வராத வகுப்பு. நாக்கில்லாத மணி. ஆத்துச் சத்தம். என்ன இடம், சொல்லுங்க கொழுந்தனாரே."

நான் டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தேன். "ஆத்தங்கரையில மூடிப்போட்ட பழைய பள்ளிக்கூடம்."

"பரவாயில்லை. ரொட்டி இல்லாமலே உங்க மூளை வேலை செய்யுது."

மத்தியான வெயிலில் கிளம்பினோம். கான்ட்ராக்டர் ஓட்டினார், நாங்கள் பின்சீட்டில். டேப் ரெக்கார்டர் என் மடியில். இடத்தைச் சேரும்வரை விடையைச் சொல்வது அண்ணிக்குப் பழக்கமில்லை. ஆற்றங்கரை ரோட்டுக்கு விடுங்கள் என்று மட்டும் சொன்னார். கான்ட்ராக்டர் கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். நான் சொன்ன எந்த ஜோக்குக்கும் அவர் முகம் அசையவில்லை. காரில் ஏதோ புளித்த ரொட்டி வாடை வேறு. பசியில் எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ஜன்னலோரம் வந்த கிழவரிடம் அண்ணி மாலைப் பேப்பர் ஒன்று வாங்கினார். பிரித்தார். முதல் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு ரொம்ப நிதானமாக அதை மடித்துத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் கேட்டதற்கு, விசேஷம் ஒன்றுமில்லை, விலைவாசிதான் என்றார். அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அந்த வெயிலில் அது சில்லென்று இருந்தது.

கேட் திறந்தது. அதைத் தாண்டினால் ரோடு இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் பள்ளிக்கூடம்.

"வலது பக்கம் திரும்புங்க" என்றார் அண்ணி.

"இல்லையே அண்ணி, பள்..." என்று நான் ஆரம்பித்தேன். என் கால் மேல் ஒரு செருப்பு ஏறி நின்றது. அதற்கப்புறம் வந்த எழுத்துகளெல்லாம் தொண்டையிலேயே தங்கிவிட்டன.

"பள்ளம் இருக்கும்னு பயப்படுறார் எங்க கொழுந்தன்" என்று அண்ணி சிரித்தார். "பார்த்து ஓட்டுங்க சார்."

"இந்தப் பக்கம் ஒண்ணுமே கிடையாதேம்மா" என்றார் கான்ட்ராக்டர். குரல் மாறியிருந்தது. "எரிஞ்சுபோன மில்தான் இருக்கு."

"அதேதான். பேர் கூப்பிட்டா பதில் சொல்ல ஆள் இல்லாத இடம். சங்கு ஊதாம நின்னுபோன இடம். பக்கத்துலயே ஆறு. யாரும் வரமாட்டாங்கன்னு நெனைச்சு உங்க அண்ணனை அங்கதான் வெச்சிருக்காங்க."

ஒரே குறிப்பு இரண்டு இடத்துக்கும் எப்படி இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது? அண்ணி எதற்காகப் பொய் சொல்கிறார்? கான்ட்ராக்டர் காரை வலது பக்கம் திருப்பினார். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. பிறகு, "ஆமா... அவர் அங்க இருப்பார்னு நான் நெனைச்சே பார்க்கலை" என்றார். அந்தக் குரலில் கவலையே இல்லை. தேடியது கிடைத்துவிட்ட நிம்மதி இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மில்லுக்கு முன்னால் கார் நின்றது. கூரை இல்லை. சுவர்களில் கரி அப்படியே இருந்தது, அதன் மேல் செடி முளைத்திருந்தது. உள்ளே ஒரே ஒரு அறை மட்டும் முழுசாக நின்றது. மூட்டைகள் அடுக்கும் அறை, இரும்புக் கதவு. கான்ட்ராக்டர் டிக்கியைத் திறந்து சக்கரம் கழற்றும் ஸ்பேனரை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டார். பாம்பு இருக்கும் என்றார். அண்ணனைப் பார்க்கப் போகிற தம்பி எவனும் ஸ்பேனரை அப்படி இறுக்கிப் பிடிக்க மாட்டான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடிவிடலாம் என்று அண்ணியைப் பார்த்தேன். அவர் அந்த இரும்புக் கதவைக் காட்டி, உள்ளே யாரோ முனகுகிற மாதிரி இருக்கிறது என்றார்.

கான்ட்ராக்டர் வாசற்படியில் ஒரு கணம் தயங்கினார். "அண்ணே, நான்தான் வந்திருக்கேன்" என்று அன்பாகக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனார்.

அண்ணி கதவைத் தள்ளினார். தனியாக அவரால் முடியவில்லை, நானும் ரெக்கார்டரைக் கீழே வைத்துவிட்டுத் தோளைக் கொடுத்தேன். இரும்பு இரும்போடு மோதியது. துருப்பிடித்த தாழ்ப்பாளை இழுத்துப் போட்டார்.

"சிவப்புப் பட்டன்" என்று கிசுகிசுத்தார். ரெக்கார்டரைத் தூக்கிப் பதிவு செய்கிற பட்டனை அழுத்தினேன்.

உள்ளேயிருந்து முதலில் வசவு வந்தது. பிறகு ஸ்பேனரால் இடிக்கிற சத்தம். பிறகு எல்லாம் நின்று வேறு மாதிரி ஒரு குரல் வந்தது. அந்தக் குரலை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"திறம்மா... விளையாடாத... மூச்சு முட்டுது, திற..."

"நீங்களே திறந்துட்டு வாங்க சார்" என்றார் அண்ணி, ரொம்பச் சாதாரணமாக.

"இது உள்ளேயிருந்து திறக்காது. தாழ்ப்பாள் வெளியில மட்டும்தான். உள்ளே பிடியே கிடையாது, எனக்குத் தெரியும், திற..."

"அப்படியா? திறக்கும்னுதானே அன்னைக்கு விசாரணையில சொன்னீங்க. பொம்பளைங்க பயத்துல திறக்கத் தெரியாம செத்துட்டாங்கன்னு."

உள்ளே சத்தம் அடங்கியது. இடிப்பதையும் நிறுத்திவிட்டார். டேப் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

அப்போதுதான் அண்ணி இடுப்பில் செருகியிருந்த பேப்பரை என்னிடம் கொடுத்தார். முதல் பக்கத்தில் இரண்டு செய்திகள். ஒன்று, மாவு மில் தீ விபத்தில் மறுவிசாரணை நாளை தொடங்குகிறது. கதவு உள்ளிருந்தே திறக்கக்கூடியது என்று அப்போதைய மேனேஜர் சொன்னதால் வழக்கு முன்பு மூடப்பட்டது. இப்போது முக்கியச் சாட்சி அந்த மேனேஜரின் சொந்த அண்ணன், 'இதே நாளில்' நிகழ்ச்சியின் அறிவிப்பாளர். மேனேஜரின் போட்டோவும் இருந்தது. இளமையாக இருந்தார், சட்டை அப்போதும் வெள்ளைதான்.

இரண்டாவது செய்தி சின்னது. விடிவதற்கு முன், ஆற்றங்கரை ரோட்டில், சைக்கிளில் போன ரொட்டி வியாபாரி மேல் ஒரு வாகனம் மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் அங்கேயே இறந்துவிட்டார். ரோட்டில் ரொட்டிகளும் உடைந்த விளக்குக் கண்ணாடியும் கிடந்தன.

இரண்டுக்கும் மேலே தேதி போட்டிருந்தது. அக்டோபர் 7.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எட்டு இல்லை, ஏழு. நான் கிழித்தது ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு தாள். நாளைக்கு ரேடியோவில் வர வேண்டிய கேசட் இன்றைக்கே கான்ட்ராக்டர் பையில் இருந்தது. அதை அவருக்கு ரேடியோ நிலையம் கொடுக்கவில்லை. நிலையத்துக்குக் கொண்டுபோன ரொட்டிக்காரரிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டார்.

"நம்ம காலண்டர் எட்டைக் காட்டலைன்னா அந்த மூணாவது கேசட்டை அவன் வெளியிலயே எடுத்திருக்க மாட்டான்" என்றார் அண்ணி. "நம்ம தப்பு அவனுக்கு வசதியாப் போச்சு. அதுலயே மாட்டிக்கிட்டான். ரொட்டிக்காரர்கிட்ட இடம் எதுன்னு கேட்டிருப்பான். அவர் சொல்லலை. சொல்லியிருந்தா நம்மகிட்ட வந்திருக்க மாட்டான்."

நான் அந்தச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். காலையில் அவரை என்னவெல்லாம் சொல்லித் திட்டினேன் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அழுகையை அடக்க முடியவில்லை. அண்ணி கொஞ்ச நேரம் அழவிட்டார், பிறகு கேட் பக்கத்து மருந்துக்கடைக்குப் போய் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்துவிட்டு வரச் சொன்னார். போய்விட்டு வந்தேன். இன்ஸ்பெக்டர் வந்து டேப்பைக் கேட்டார். காரின் விளக்கைப் பார்த்தார், சீட்டுக்கு அடியில் இரண்டு ரொட்டி கிடந்த துணிப்பையையும் எடுத்தார். கேசட்டைத் தேடி ரொட்டிக்காரரின் பையை அப்படியே தூக்கி வந்திருக்கிறான் பாவி. கதவைத் திறந்தபோது கான்ட்ராக்டர் தரையில் உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

நாங்கள் ஜீப்பில் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். கடைசி வகுப்பறையில், ஒரு பெஞ்சு மேல் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் கனமான குரல் இந்த உடம்பிலிருந்தா வருகிறது என்று எனக்கு ஆச்சரியம். போலீஸைப் பார்த்தும் அவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்.

"ரொட்டிக்காரர் வரலையா?"

அண்ணி சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார். அவர் ரெக்கார்டரின் மூடியைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

சாட்சி சொல்லப்போகிறேன் என்று எழுதிக்கொடுத்த நாளிலிருந்தே தம்பியின் ஆட்கள் வீட்டைச் சுற்றினார்கள். மனைவியை அவளுடைய அம்மா ஊருக்கு அனுப்பிவிட்டு இவர் இங்கே வந்து ஒளிந்துகொண்டார். அவளுக்குப் போகிற தபாலை யாரோ பிரித்தார்கள். ரேடியோவை மட்டும் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது, ஏனென்றால் எல்லோரும்தான் கேட்கிறார்கள். காணாமல் போன பத்து நாள் கதையைக் கல்யாணமான புதிதில் மனைவிக்குச் சொல்லியிருக்கிறார். 1582 என்று கேட்டாலே அவளுக்குப் புரிந்துவிடும். பத்திரமாக இருக்கிறேன், இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று அவளுக்குச் சொன்ன சேதிதான் அந்த மூன்று பொய்யும். உதவி கேட்டு இல்லை.

"அன்னைக்குக் கதவைப் பூட்டினது என் தம்பிதான். வேலை நேரத்துல வெளியே போறாங்கன்னு பூட்டுவான். எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "மில் எரிஞ்ச எட்டாந்தேதி ஒவ்வொரு வருஷமும் வரும். ஊர் விஷயமா வேற எதையாவது சொல்லி முடிச்சிடுவேன். ரொட்டிக்காரரோட அக்கா அந்த ஏழு பேர்ல ஒருத்தங்க. போன வருஷம் ரேடியோ வாசல்ல என்னை நிறுத்திக் கேட்டார். எங்க அக்கா செத்தது வரலாறு இல்லையா சார்னு கேட்டார். கோபமாக் கூடக் கேட்கலை."

வெளியே ஆறு ஓடுகிற சத்தம் அந்த வகுப்பறை முழுக்கக் கேட்டது. ஒரே தேதியில் நடக்கிற விஷயங்களுக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது என்று நிகழ்ச்சியில் எப்போதும் சொல்வேன், அது பொய், அந்த எட்டாந்தேதிதான் இன்றைக்கு ரொட்டிக்காரரையும் கொன்றுவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டார். அண்ணி அவர் தோளில் கை வைத்தார்.

மறுநாள் காலையில் நான் சீக்கிரம் எழுந்தேன். அண்ணி ரேடியோவை ஏற்கெனவே போட்டிருந்தார். விசாரணைக்குப் போகிற வழியில் தேதிக்காரர் நேராக நிலையத்துக்கே போய்ப் பேசினார், கேசட் இல்லை. இன்று அக்டோபர் எட்டு என்றார். சிகாகோவைச் சொன்னார், பெஷ்டிகோவைச் சொன்னார். கடைசியாக நம்ம ஊர் என்று சொல்லித் தொண்டையைச் செருமிக்கொண்டார். மாவு மில்லில் தீ, கதவு வெளியே பூட்டியிருந்தது என்றார். பிறகு செத்துப்போன ஏழு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்தினார்.

எட்டாவதாக இன்னொரு பெயரும் சொன்னார். யாரது என்று நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரொட்டிக்காரருக்கு ஒரு பெயர் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். அவர் செத்தது ஏழாம் தேதி, எட்டாம் தேதி நிகழ்ச்சியில் அவர் பெயர் வரக் கூடாது. இல்லாத நாளில் போட்ட பொய்களை விட்டுவிட்டால், தேதிக்காரர் தெரிந்தே செய்த ஒரே தவறு அதுதான்.

நாள் நல்லா இருக்கட்டும் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

காலண்டர் முதல் நாளிலிருந்தே எட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்தது, கிழிக்க வேலையில்லை. குப்பைக் கூடையைக் கவிழ்த்துக் கசங்கிய தாளைத் தேடி எடுத்தேன். ஆறும் ஏழும் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. தண்ணீர் தொட்டு மெதுவாகப் பிரித்தேன். ஏழைத் தனியாக எடுத்துக் கையால் நீவி, காலண்டருக்குப் பக்கத்தில் இருந்த ஆணியில் குத்தி வைத்தேன். அண்ணி அதைப் பார்த்தார். தெருவில் ஏதோ ஒரு சைக்கிள் மணி கேட்டது, நான் எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.